ஒத்திகைக்குப் போன கார்

செங்கோடன் எதையும் முன்கூட்டி யோசித்துச் செய்கிற ஆள் இல்லை. தறி போட்டது அப்படித்தான், கார் வாங்கியதும் அப்படித்தான். திருப்பூரில் ஒரு காதுகுத்துக்குப் பஸ்ஸில் போனவர், திரும்பும்போது வெளிர்நீல பியட் கார் ஒன்றில் வந்து வாசலில் இறங்கினார். "இதாரு காருங்க?" என்று மனைவி மாரியாத்தாள் கேட்டதற்கு, "நம்முளுதுதான்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆவணிக் கடைசியில், கோயமுத்தூருக்கு இருக்கிற இருபத்தெட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து திட்டம் போட்டதை அவர் ஊரான ஓடக்காட்டுப்புதூரே வேடிக்கை பார்த்தது.

காரணம் பக்கத்து வீட்டு ரசாக். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் வந்து இங்கே லேத் பட்டறை போட்டவர். தறியில் எந்தச் சக்கரத்தில் பல் உடைந்தாலும் மறுநாளைக்குள் புதிதாகக் கடைந்து கையில் கொடுத்துவிடுவார். நல்ல உயரம், தாடியில் பாதி நரை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரு கதவு வைத்துக்கொள்ளலாமா என்று ரசாக்கின் மனைவி ரம்ஜான் பீவியும் மாரியாத்தாளும் பலமுறை பேசியிருக்கிறார்கள். அந்த அளவுக்குப் புழக்கம்.

ஒருநாள் சாயங்காலம் ரசாக் வந்து உட்காராமல் நின்றார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க பாய். நின்னுட்டுக் கேக்கற அளவுக்கு என்ன?"

"நம்ம புள்ள யுஸ்ராவுக்குப் பிரசவம் இருவத்தி நாலாந் தேதின்னு குறிச்சுருக்காங்க. பிரசர் கொஞ்சம் ஏறி ஏறி எறங்குதாமா. இங்க வெச்சுப் பாக்க வேண்டாம், கோயமுத்தூருக்கே போயிருங்கன்னு நர்சம்மா சொல்லிப்போட்டாங்க. ரெண்டு நாள் முந்தியே போய்ச் சேந்துக்கலாமுங்க. ஆனா அதுக்கும் முந்தி வலி வந்துருச்சுன்னா..."

"கார் நிக்குதல்லோ வாசல்ல. எந்நேரமானாலும் ஒரு சத்தம் குடுங்க."

"அது தெரியுமுங்கண்ணா. நான் நெனைக்கறது கேட்டை."

ஓடக்காட்டுப்புதூருக்கும் சோமனூருக்கும் நடுவில் ரயில் பாதை போகிறது. கேட்டைத் தாண்டினால்தான் சோமனூர், அப்புறம் கருமத்தம்பட்டி, அங்கிருந்து நேரே அவினாசி ரோடு. கேட் சாத்தினால் சாத்தினதுதான். பால் கேன்காரர்கள் அங்கேயே சீட்டு விளையாடி முடித்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கேட்டில் செங்கோடனுக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மகன் அருள்குமார் பிறக்க இருந்த சமயம், மாரியாத்தாளை மாட்டு வண்டியில் படுக்க வைத்துக்கொண்டு சோமனூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் ஒன்று குறுக்கே வந்து நின்று, நின்றபடியே இருந்தது. செங்கோடன் வண்டியை விட்டு இறங்கி ஓடி கேட்காரரிடம் சண்டை போட்டார். அவர் கையில் எதுவும் இல்லை என்று தெரிந்தும் போட்டார். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது வண்டிக்குள் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பக்கத்து வண்டியில் வந்த கிழவி ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்து முடித்து, சேலை முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. மாரியாத்தாள் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே பத்துப் பேருக்குச் சொல்வாள். செங்கோடன் மட்டும் அந்தச் சமயத்தில் எழுந்து தறிக் குடோனுக்குப் போய்விடுவார்.

"பாய், நீங்க தைரியமா போய்த் தூங்குங்க" என்றார் கடைசியில். "இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் நூல் கோன் வரும் பெட்டியிலிருந்து ஒரு அட்டையைக் கிழித்து எடுத்தார். சோமனூர் ஸ்டேஷனுக்குப் போய், எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று மேலே போவதையும் கீழே வருவதையும் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் நேரே கேட்டுக்குப் போனார். இப்போது அங்கே இருந்தவர் வேலன் என்ற சின்ன வயசுக்காரர், பொறுமையான மனிதர்.

"அட்டையில எழுதுனது எல்லாம் சரிதானுங்க" என்றார் வேலன். "ஆனா கூட்ஸுக்கு நேரம் கெடையாதுங்க. அது வாரப்ப வரும்."

"வாரதுக்கு முந்தி உங்களுக்குத் தெரியுமல்லோ?"

"ஸ்டேசன்ல இருந்து போன் வருமுங்க. வந்ததும் சாத்திப்போடுவேன். உங்க ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டுச் சாத்த முடியாதுங்களே."

செங்கோடன் அட்டையின் ஓரத்தில் 'கூட்ஸ்' என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

கேட்டே வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருந்தது. தெற்கே இறங்கி சூலூர் போய், திருச்சி ரோட்டில் ஏறிவிடலாம். இந்த இரண்டில் எது நல்லது என்ற கேள்வியை அவர் சென்னியப்பன் டீக்கடையில் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். டீ குடிக்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சூலூர் வழிதான் என்று அடித்துச் சொன்ன ஒருவர் வாழ்க்கையில் கார் ஓட்டியதே இல்லை. அவினாசி ரோடுதான் என்றவர், அந்த வழியில்தான் நல்ல இளநீர்க் கடை இருக்கிறது என்று காரணம் சொன்னார். சென்னியப்பன் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "ரெண்டுலயும் ஒருக்கா போய்ப் பாத்துருங்க. ரோடு இங்கயா கெடக்குது, அங்கதான கெடக்குது" என்றார்.

அது செங்கோடனுக்குப் பிடித்துப்போயிற்று.

"பாய், சட்டையப் போட்டுட்டு வாங்க" என்று பட்டறை வாசலில் காரை நிறுத்தினார். ரசாக் முன்கதவைத் திறந்தார். "முன்னால வேண்டாம். பின்னால படுங்க."

"படுக்கறதுங்களா?"

"வலி எடுத்த புள்ள உக்காந்துட்டா வரும்? படுத்துட்டுத்தான் வரும். எந்தக் குழி எப்பிடித் தூக்கிப் போடுதுன்னு ஸ்டீரிங் புடிச்சவனுக்குத் தெரியாது. படுத்தவனுக்குத்தான் தெரியும். குழி வந்தா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

மகளுக்காகத்தானே என்று ரசாக் பின்சீட்டில் ஏறி, நீளமான காலை மூன்றாக மடித்துப் படுத்தார்.

சூலூர் வழியில் அந்த வருஷம் தண்ணீர்க் குழாய் பதிக்க ரோட்டின் ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முதல் நாலு கிலோமீட்டரில் ரசாக் பதினேழு தடவை "குழிங்கண்ணா" என்றார். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. சூலூர் வந்ததும் செங்கோடன் திரும்பிப் பார்த்தார். ரசாக் சீட்டுக்கும் கீழே இருந்தார்.

"இந்த வழி வேண்டாமுங்கண்ணா" என்று கீழேயிருந்தே சொன்னார். "புள்ள கோயமுத்தூருக்கு முந்தியே பொறந்துரும்."

ஆக, கேட் வழிதான் என்று முடிவாயிற்று.

இரண்டாவது ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை. கேட் திறந்திருந்தது. சோமனூர், கருமத்தம்பட்டி, நீலாம்பூர், சின்னியம்பாளையம் என்று கார் வழுக்கிக்கொண்டு போனது. வெயில் முகத்தில் அடித்ததால் ரசாக் ஒரு துப்பட்டியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். பீளமேட்டில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"பின்னால என்ன?"

"பிரசவக் கேசுங்க" என்றார் செங்கோடன். திட்டத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்.

போலீஸ்காரர் பதறிப்போய்க் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். துப்பட்டி விலகியது. நரைத்த தாடியோடு ரசாக் எழுந்து, "சலாமுங்க" என்றார்.

நல்ல வேளையாக அந்தப் போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்தது. செங்கோடன் இறங்கிப் போய் அட்டையைக் காட்டி முழு விவரமும் சொன்னார். இது ஒத்திகை, நிஜம் இருபத்தி ரெண்டாம் தேதி, இன்றைக்கு இதுவரை முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருக்கிறது என்றார். போலீஸ்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் ரெண்டு புள்ள பெத்தவன்தானுங்க. இப்பிடியெல்லாம் யாரும் பண்ணிப் பாத்ததில்ல. போங்க, நெசத்துக்கு வாரப்ப விடாம ஹாரன் அடிச்சுட்டு வாங்க."

லட்சுமி மில் தாண்டி இருந்த நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது, போலீஸ்காரரிடம் பேசியது போக ஐம்பத்திரண்டு நிமிஷம். செங்கோடன் அட்டையில் அதை எழுதி இரண்டு கோடு கிழித்தார்.

வீட்டில் பெண்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார்களே தவிர, தடுக்கவில்லை. யுஸ்ரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஷாநவாஸ் ஊட்டியில் கம்பளிக் கடை வைத்திருந்தான். சேதி கிடைத்தால் உடனே புறப்பட்டு வருவதாக ஏற்பாடு.

"பெரியப்பா, ஒருக்கா என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். "போறது நான்தானுங்களே."

"உன்னையக் கூட்டிட்டுப் போயி வழியில ஏதாச்சும் ஒண்ணாயிப்போச்சுன்னா என்ன பண்றது கண்ணு?"

யுஸ்ரா மாரியாத்தாளைப் பார்த்தாள். மாரியாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுடைய திட்டம் மொத்தமும் ஒரு துணிப் பைக்குள் இருந்தது. பழைய வேட்டித் துணி நாலு, ஒரு பிளாஸ்க், சீப்பு, யுஸ்ராவின் மாற்றுத் துணி, ஆஸ்பத்திரிச் சீட்டு. அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள்.

பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு செல்லாது, ஆபீஸ் நேரத்தில் கூட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் திட்டம் முழுமையாகாது என்று செங்கோடனுக்குத் தோன்றிவிட்டது. எட்டரைக்கு ரசாக்கைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க" என்று மாரியாத்தாள் வாசல்வரை வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒத்திகைக்குப் போன நேரம் பாத்துப் புள்ளைக்கு வலி வந்துட்டா?"

"அஞ்சு நாள் இருக்குது புள்ள. பதனொண்ணுக்குள்ள வந்துருவோம்."

போகும்போது எல்லாம் நன்றாகவே நடந்தது. ஹோப் காலேஜ் சிக்னலில் மட்டும் கொஞ்சம் நெரிசல். நர்சிங் ஹோம் வாசலில் காரை எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் படியில் சரிவு இருக்கிறது, தள்ளு நாற்காலி எந்த மூலையில் இருக்கிறது என்றெல்லாம் காவல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். காவல்காரர் தள்ளு நாற்காலியில் ரசாக்கை உட்கார வைத்து ஒரு சுற்றுத் தள்ளியும் காட்டினார். எதிர்க்கடையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வரும் வழியில் பழக்கதோஷத்தில் பின்சீட்டில் படுத்த ரசாக், நீலாம்பூர் தாண்டுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார்.

பத்தே முக்காலுக்குக் கேட் வந்தபோது சாத்தியிருந்தது. அட்டையில் இந்த நேரத்துக்கு எந்த ரயிலும் இல்லை.

செங்கோடன் கார்தான் வடக்குப் பக்கத்தில் முதல் வண்டி. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். கிழக்கே இருந்து கூட்ஸ் ஒன்று, அவசரம் என்பதையே அறியாதது போல வந்து, கேட்டுக்குக் குறுக்கே ஒவ்வொரு பெட்டியாகக் கடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் லாரிகளும் நூல் வேன்களும் ஒரு டவுன் பஸ்ஸும் பின்னால் வளைவுவரை நிற்பது பெட்டிகளின் இடைவெளியில் துண்டு துண்டாகத் தெரிந்தது.

அந்த இடைவெளி ஒன்றில் பச்சைச் சேலை தெரிந்தது. அடுத்த பெட்டி மறைத்தது. அடுத்த இடைவெளியில் அந்தச் சேலையின் தோளில் ஒரு துணிப் பை. மறுபடியும் பெட்டி. அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் அல்லவா இருக்க வேண்டும் என்று செங்கோடன் நினைத்தார். அடுத்த இடைவெளிக்குக் காத்திருந்த நேரத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. வண்டி மாடும், குறுக்கே நின்ற கூட்ஸும், கேட்காரரின் சட்டையைப் பிடித்த தன் கையும் அப்படியே வந்து நின்றன.

கடைசிக் கார்டு பெட்டி போனதும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மாரியாத்தாள் நடுவில் யுஸ்ராவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மறுபக்கம் ரம்ஜான் பீவி உதடு அசைய எதையோ ஓதிக்கொண்டு நின்றாள். பின்னால் வெகுதூரத்தில், வரிசையின் கடைசியில், அவர்கள் வந்த ஆட்டோ நின்றது.

செங்கோடன் கேட் கம்பத்துக்கு ஓடினார். "வேலா, தொறங்க சாமி."

வேலன் தலையசைத்தார். "மேக்கால இருந்து பாசஞ்சர் வருதுங்க. அது போனாத்தான் தொறக்க முடியும். தொறந்தாலும் எதுத்தாப்புல நிக்கற வண்டியெல்லாம் நகந்து அந்த ஆட்டோ இங்க வரதுக்குக் கால் மணி நேரம் ஆயிருமுங்க."

சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று செங்கோடனின் கை கேட்டது. பிடிக்கவில்லை. "அப்ப என்னுங்க பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பக்கத்திலிருந்து மாரியாத்தாளின் குரல் கேட்டது. பதற்றம் இல்லாத, சந்தையில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரிக் குரல்.

"ஏனுங்க, கார் அக்கட்டாலதான் நிக்குது? தலையத் திருப்பி நிறுத்துங்க. நாங்க நடந்து வாரோம்."

செங்கோடன் அப்போதுதான் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். அது கோயமுத்தூர்ப் பக்கம் நின்றது. முதல் வண்டியாக நின்றது. வீட்டிலிருந்து புறப்பட்டிருந்தால் இந்நேரம் அந்த வரிசையின் வாலில், ஆட்டோவுக்கும் பின்னால், ஸ்டீரிங்கில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வேலன் போனை எடுத்து ஸ்டேஷனில் கேட்டார். "பாசஞ்சர் இன்னும் முந்துன ஸ்டேசனையே உடலீங்க. நேரம் கெடக்குது" என்று சொல்லிவிட்டு, பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானே அந்தப் பக்கம் போனார். கேட்டின் ஓரத்தில் ஆட்கள் நடந்து போகிற சின்னக் கதவைத் திறந்து, யுஸ்ராவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா வாங்கம்மா. தண்டவாளத்து மேல கால் வெக்க வேண்டாம், தாண்டி வையுங்க."

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எஞ்சினை அணைத்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தறிச் சத்தத்துக்கும் ஹாரன் சத்தத்துக்கும் பழகின அந்த இடத்தில் சருகு நொறுங்குவது கேட்டது. முதல் தண்டவாளத்தைத் தாண்டி நடுவில் வந்தபோது யுஸ்ரா நின்று, கண்ணை மூடி, மாரியாத்தாளின் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஒரு அலை வந்து போயிற்று. பிறகு தானே, "ம், போலாமுங்க பெரியம்மா" என்று நடந்தாள்.

இதற்குள் செங்கோடன் காரை மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்துத் திருப்பிவிட்டார். பின்கதவைத் திறந்தால் அங்கே ரசாக் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"அத்தா" என்றாள் யுஸ்ரா. "எந்திரிங்க. நான் படுக்கோணும்."

ரசாக் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். கனவா ஒத்திகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ரம்ஜான் பீவி அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, முன்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு செங்கோடன் அட்டையைப் பார்க்கவே இல்லை. அது எங்கே கிடந்தது என்றும் தெரியவில்லை. ஆனால் எந்த இடத்தில் ரோடு உடைந்திருக்கிறது, எந்த வேகத்தடைக்கு முன்னால் கியரை மாற்ற வேண்டும் என்று கைக்கும் காலுக்கும் மனப்பாடமாகியிருந்தது. "இங்க ஒரு குழிங்கண்ணா" என்று ரசாக் முன்னாலிருந்து சொல்வதற்குள் கார் அதை ஒதுங்கிப் போயிருந்தது.

"பெரியப்பா, பரவால்லீங்க, நல்லாத்தான் ஓட்டறீங்க" என்றாள் யுஸ்ரா பின்னாலிருந்து, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில்.

"பேசாம வா கண்ணு" என்றார் செங்கோடன். அவருக்குக் கண்ணாடியில் ரோடு மங்கலாகத் தெரிந்தது. துடைத்தது கண்ணாடியை அல்ல.

பீளமேட்டில் விடாமல் ஹாரன் அடித்தார். அதே போலீஸ்காரர் நின்றிருந்தார். வெளிர்நீலக் காரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கப் போனவர், பின்சீட்டில் மூன்று பெண்களைக் கண்டு முகம் மாறினார். குறுக்கு ரோட்டில் வந்த வண்டிகளையெல்லாம் ஒரே கையசைப்பில் நிறுத்தினார். கார் கடந்தபோது அவர் ஏதோ சொன்னார். காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

நர்சிங் ஹோம் வாசலில் காவல்காரர் இவர்களைப் பார்த்ததும் தள்ளு நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, முதலில் ரசாக் பக்கம்தான் கொண்டுபோனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி இறங்கிய ரசாக், "எனக்கில்லீங்க, இன்னைக்கு நெசமுங்க" என்று பின்கதவைக் காட்டினார்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஷாநவாஸுக்குப் பூத்திலிருந்து போன் போட்டாயிற்று. ரசாக் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். செங்கோடன் வராந்தாவில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கார் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டேகால் மணிக்கு மாரியாத்தாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"பொட்டப்புள்ள. ரெண்டே முக்கால் கிலோ. பெரிய உசுருக்கும் சின்ன உசுருக்கும் ஒரு கொறையுமில்ல. பிரசர் எறங்கிருச்சுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."

ரசாக் எழுந்து செங்கோடனைக் கட்டிப் பிடித்தார். இடுப்பு வலி ஞாபகம் வந்து விட்டுவிட்டார். பிறகு பேத்தியைப் பார்க்க உள்ளே ஓடினார்.

மாரியாத்தாள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

"எப்பிடிப் புள்ள பொறப்புட்டு வந்தீங்க?" என்று கேட்டார் செங்கோடன்.

"நீங்க தெருவத் தாண்டல, புள்ள அடிவயித்தப் புடிச்சுட்டா. பொய்வலியா நெசவலியான்னு ஒரு மணி நேரத்துக்கு மேல பாத்தோம். நெசந்தான்னு தெரிஞ்சதும் டீக்கடைக்காரரு ஆட்டோவக் கூட்டியாந்து நிறுத்திப்போட்டாரு. கேட்டுல நிக்கறப்பவே எனக்குத் தெரியும், நீங்க திரும்பி வந்துட்டு இருப்பீங்கன்னு. பதனொண்ணுக்குள்ள வரேன்னுதான் சொன்னீங்க?"

செங்கோடன் சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அன்னிக்கு நான் உன்ற பக்கத்துல இல்லாமப் போயிட்டேன்" என்றார்.

எந்த அன்றைக்கு என்று மாரியாத்தாள் கேட்கவில்லை.

"இருந்து என்னுங்க பண்ணியிருப்பீங்க? அந்த வண்டிக்குள்ள அந்தக் கிழவிக்கே காலு நீட்ட எடமில்ல. நீங்க அங்க கேட்காரனோட சண்ட போடற சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருந்துச்சு. எங்கயும் போயிரல, பக்கத்துலதான் இருக்கறாருன்னு அதுவே ஒரு தெம்பா இருந்துச்சு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பசிக்குதுங்க."

நாலு மணிக்குமேல், ரம்ஜான் பீவியையும் ரசாக்கையும் அங்கே விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். மாரியாத்தாள் வழக்கமாகப் பின்சீட்டில்தான் உட்காருவாள். அன்றைக்கு முன்கதவைத் திறந்து ஏறினாள். ரோட்டுக்கு வந்ததும் செங்கோடன் ஊர்ப்பக்கம் திருப்பப் போனார்.

"ஏனுங்க, சித்தெ நில்லுங்க. ஊட்டுல இப்ப என்ன வேல? தறிய மேஸ்திரி பாத்துக்குவாரு."

"அப்ப எங்க போறது?"

"அந்த மேம்பாலம் இருக்குதல்லங்க, ரயில்வே ஸ்டேசனுக்குப் பக்கத்துல, வட்டமா. பஸ்ஸுல போறப்பெல்லாம் கூட்டத்துல நின்னுட்டே போறது, ஒருக்காக்கூட நல்லாப் பாத்ததில்ல. அது மேல ஒருக்கா போலாமுங்க. அப்பறம் எங்கயாச்சும் எறங்கி நல்லதா ஒரு சோறு."

"அந்தப் பாலத்துல எந்த வழி எங்க எறங்குதுன்னு எனக்குச் செரியாத் தெரியாது புள்ள. ஒருத்தர்கிட்டக் கேட்டுட்டு..."

"போலாமுங்க. எங்க எறங்குதோ அங்க எறங்கிக்கலாம்."

செங்கோடன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, காரைப் பட்டணத்துப் பக்கம் விட்டார். உப்பிலிபாளையத்தில் பாலம் ஏறினார்கள். கீழே தண்டவாளங்கள் வெயிலில் மின்னின. தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. மாரியாத்தாள் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். செங்கோடன் இறங்க வேண்டிய வழி என்று நினைத்து ஒன்றில் திரும்பினார். அது வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஏறின இடத்துக்கே அவர்களைக் கொண்டுவந்து விட்டது.

"இன்னொருக்கா சுத்துங்க" என்றாள் மாரியாத்தாள். "அந்தப்பக்கம் நான் செரியாப் பாக்கல."